மிளகாய்ப் பசை

“மூளை இருக்கிற மனுஷனோட பொருள்ல எலி பல்லு வைக்காது. வைக்கவும் முடியாது. உலகத்துல எலி கடிச்ச சாமான் எதை வேணும்னாலும் எடுத்துக்கங்க, பின்னாடி போய்ப் பாத்தா ஒரு சோம்பேறி உக்காந்திருப்பான்.”

சொன்னவர் முகத்தில் சிரிப்பு இல்லை. டீக்கடை பெஞ்சில் எதிரே இருந்த நாலைந்து பேரும் சிரிக்கவில்லை. அவர் பேசும்போது சிரித்தால் விளக்கம் இரண்டு மடங்காகும் என்பது அந்தத் தெருவுக்கு அனுபவத்தில் தெரியும்.

அவரை எல்லாரும் விஞ்ஞானி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் பஞ்சர் கடைக்காரர். கிண்டலுக்குத்தான் வைத்தார். ஆனால் விஞ்ஞானி அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டதால், கிண்டல் ஒரு வாரத்தில் செத்து, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தொழில் என்று பார்த்தால் வீட்டு வயரிங், மோட்டாருக்குச் செப்புக் கம்பிச் சுருளான காயில் கட்டுவது. இரண்டையும் ஒழுங்காகவே செய்வார். வாய்தான் வேலைக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும்.

அவரும் அவர் மனைவியின் தம்பியும் சேர்ந்து ஒரு வண்டி வைத்திருந்தார்கள். ஓடி ஓய்ந்த பழைய பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டு, இரண்டு கட்டில், ஒரு சின்ன அடுப்படி, கழிப்பறை, ஏசி எல்லாம் வைத்து வீடாக மாற்றியிருந்தார்கள். குடும்பத்தோடு தூரப் பயணம் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது. தகரம் வெட்டியதும் பலகை இழைத்ததும் மச்சினன். வயர் இழுத்தது விஞ்ஞானி. மெத்தை உறை தைத்ததும், ஒவ்வொரு பயணமும் முடிந்த பிறகு போர்வை துவைத்து, கழிப்பறை கழுவி, யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைக் கால் உறைக்கு ஜோடி தேடியதும் மனைவி.

வண்டியின் பின்பக்கவாட்டில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் ஜெனரேட்டர். வண்டி நிற்கும் இடத்தில் ஏசி, விளக்கு, குளிர்பெட்டி எல்லாவற்றுக்கும் அதுதான் உயிர்.

மழைக்காலத்தில் வாடகை இருக்காது. வண்டியைக் கொண்டுபோய் ஒரு தானியக் கிடங்கை ஒட்டிய கொட்டகையில் நிறுத்துவார்கள். “அக்கம்பக்கம் எலி ஜாஸ்தி மாமா, வயரைக் கடிச்சிடும், நடுநடுவுல பெட்டியத் திறந்து பாக்கணும்” என்று மச்சினன் சொன்னான். அப்போதுதான் அந்த மூளை பற்றிய பிரகடனம் டீக்கடையில் நிகழ்ந்தது. பிரகடனம் செய்துவிட்டு விஞ்ஞானி நேராக வீட்டு அடுப்படிக்குப் போனார்.

“மிளகாய்த்தூள் எங்க இருக்கு?”

“எதுக்கு?” என்றாள் மனைவி.

“கேள்வி கேக்காத. எலிக்குக் காரம் ஆகாது. வயர் பூரா மிளகாய்த்தூள் தடவிட்டா முடிஞ்சுது கதை. ஆனா தூள் நிக்காது, உதிர்ந்துடும். அங்கதான் மூளை வேணும்.” மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கினார். “பசை காய்ச்சி அதுல கலந்துட்டா?”

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். “ஏங்க, அது மைதா மாவு.”

“சுவர்ல போஸ்டர் ஒட்டறவன் எதுல காய்ச்சறான்?”

“அதில்லைங்க. மாவுன்னா எலி திங்குமே?”

விஞ்ஞானி கரண்டியை நிறுத்தினார். அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “இப்ப நீ ஒரு தட்டு சோத்துல ஒரு கிலோ மிளகாய்த்தூள் போட்டுக் குடுத்தா நான் திம்பேனா?”

“நீங்க திங்க மாட்டீங்க.”

“அப்ப எலி மட்டும் எப்படித் திங்கும்? அதுக்கு நம்மள விட நாக்கு கம்மியா?”

அவர் மிளகாய்த்தூளைக் கொட்டினார். வீடு முழுக்க இருமல். ஜன்னலைத் திறந்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவர் கிண்டிய பசை அடிபிடிக்காமல் பார்த்துக்கொண்டாள். சிவப்பாக, பளபளவென்று, குழந்தைக்கு ஊட்டும் கூழ் மாதிரி வந்தது. மறுநாள் அவர் வயர் வயராக அதைப் பூசினார். கை எட்டிய இண்டு இடுக்கு எதையும் விடவில்லை. பூசி முடித்துப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார்.

“மழை முடியற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது.”

ஒருத்தரும் தொடவில்லை. அதாவது, மனிதர்களில்.

மழை விட்டு வெயில் ஏறியதும் முதல் வாடகை வந்தது. ஒரு டீச்சர், நடக்க முடியாத தன் அப்பாவை, அவருடைய தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். அண்ணனும் தம்பியும் பார்த்து வருஷக்கணக்கு ஆகிறதாம். கட்டில் உள்ள வண்டி வேறு எங்கும் கிடைக்கவில்லை. மச்சினன் ஓட்டிக்கொண்டு போனான். கிளம்புவதற்கு முன்னால் பெட்டிச் சாவி கேட்டான். “ஸ்விட்சு வண்டிக்குள்ளயே இருக்குல்ல, அதப் போடு. பெட்டியத் திறந்து நோண்டாத” என்று விஞ்ஞானி சொல்லிவிட்டார்.

அன்று இரவு வழியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தி, எல்லாரும் படுத்த பிறகு, ஜெனரேட்டர் இரண்டு தும்மல் போட்டது. கருகல் வாசனை. பிறகு நின்றுவிட்டது. கூடவே வண்டிக்குள் இருந்த அத்தனை பேருக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் கொட்ட, பெரியவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். புழுக்கத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. மச்சினன் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து விடிகிற வரைக்கும் அவருக்கு விசிறிக்கொண்டே நின்றான். “எங்க தப்புங்க, மன்னிச்சுக்கோங்க” என்று டீச்சரிடம் சொல்லிச் சொல்லி அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வண்டி திரும்பி வந்ததும் விஞ்ஞானி பெட்டிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

“காயில் எரிஞ்சுபோச்சு.”

“திறந்து பாத்துடலாம் மாமா.”

“நான் காயில் கட்டறவன். என் மூக்குக்குத் தெரியாதா? ஏசி, அடுப்பு, தண்ணி மோட்டார் எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டிருக்க.”

“ஏசி மட்டும்தான் மாமா ஓடுச்சு. எல்லாரும் தூங்கிட்டாங்க.”

“அப்ப இருமல் எப்படி வந்துச்சு? காயில் எரிஞ்சா ஒரு வாயு வரும். தொண்டையப் பிடிக்கும். ஓவர்லோடுக்கு அதான் அத்தாட்சி.” அப்படி ஒரு வாயு இருப்பது அவருக்கே அந்த நிமிஷம்தான் தெரியவந்தது. வண்டியிலேயே திரும்பி வந்த டீச்சர் எதிரேதான் நின்றிருந்தார். அவர் முன்னாலேயே விஞ்ஞானி மச்சினனைக் காட்டிச் சொன்னார்: “மன்னிப்பு வேற கேட்டிருக்கான். வேலை தெரியாதவன்தான் மன்னிப்புக் கேப்பான். வேலை தெரிஞ்சவனுக்கு அதுக்கு அவசியமே வராது.”

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அதோடு வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். ஆனால் விஞ்ஞானிக்கு ஒரு விஷயத்தை ஒரே ஒரு தடவை சொல்லிப் பழக்கமில்லை. பஞ்சர் கடையில் சொன்னார். டீக்கடையில் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதையில் மச்சினன் ஒரு ஸ்விட்சைக் கூடுதலாகப் போட்டான். கடைசியாகச் சொன்னபோது இஸ்திரிப் பெட்டியும் ஓடியது. “விசிறிக்கிட்டு நின்னானாம் விசிறி! ஜெனரேட்டரக் கொன்னுட்டு அட்டையால விசிறினா அது எழுந்திருக்குமா?” என்று நடித்தும் காட்டினார். தெரு நன்றாகச் சிரித்தது.

சிரித்த தெரு சாவி கொடுப்பதை நிறுத்தியது. மச்சினன் ஓட்டுநர். பள்ளிக்கூட வேன் வைத்திருக்கும் வேன்காரர் அவனைத்தான் அவசரத்துக்கு அழைப்பார். இப்போது, “இல்லப்பா, பிள்ளைங்க ஏறற வண்டி பாரு” என்றார். அப்புறம் வேறு யாரும் அழைக்கவில்லை. வெயில் காலம் முடிவதற்குள் அவன் எங்கோ தூர ஊரில் லாரி ஓட்டும் வேலைக்குச் சேர முடிவு செய்துவிட்டான் என்று மனைவி சொன்னாள். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு தன் தட்டில் போட்டுக்கொண்டதை அவள் சாப்பிடவில்லை.

“போகட்டும். வெளியூர் போனாத்தான் பொறுப்பு வரும்” என்றார் விஞ்ஞானி.

“ஞாயித்துக்கிழமை போறான்.”

“ம்.”

“என்கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தாங்க.”

அவர் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, ஜெனரேட்டரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று கொட்டகைக்குப் போனார். இடுப்பில் இருந்த சாவியால் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒரு வீடு இருந்தது.

அவர்கள் பஸ்ஸில் கட்டியதைவிட நல்ல வீடு. சத்தம் வெளியே வராமல் இருக்க ஒட்டியிருந்த பஞ்சை உரித்து மெத்தை போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் கழிப்பறைகூடத் தனியாக இருந்தது. கிடங்கிலிருந்து இழுத்துவந்த சாக்கு நூல், மனைவி தைத்த உறையிலிருந்து ஒரு நீலத் துண்டு. அங்கங்கே பஞ்சில் சிவப்பாகத் தீற்றல். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வயரைத் தொட்டுப் பார்த்தார். பசை பூசிய இடத்தில் எல்லாம் செப்புக் கம்பி மொட்டையாக இருந்தது. பூசாமல் விட்ட ஒரே ஒரு வயர், எர்த் வயர், கைக்கு எட்டாத சந்தில் ஓடுவது, பல் படாமல் புத்தம் புதிதாக இருந்தது. மாவைத் தின்ன வந்தவை, தட்டையும் சேர்த்து நக்கியதுபோல் வயர் உறையையும் தின்றிருக்கின்றன. மொட்டைக் கம்பிகள் இரண்டு ஒட்டிக் கருகியிருந்த இடத்தில் மிச்சமிருந்த பசை கரிக்கட்டியாக நின்றது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தார். கண்ணில் நீர் வந்தது. இருமினார்.

காயில் பழுதில்லாமல் இருந்தது.

விஞ்ஞானி கொட்டகை வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. சாக்கு ஒன்றை விரித்து, கூட்டைப் பிய்த்து அதில் போட ஆரம்பித்தார். வேகமாக. அள்ளிக் கொண்டுபோய்ப் பின்னால் இருக்கும் குப்பையில் கொட்டிவிட்டால், புது வயர் போட்டு ஜெனரேட்டரை ஓடவிட்டால், “காயிலைக் கட்டிட்டேன்” என்று சொல்லிவிடலாம். அதிலும் ஒரு பெயர் கிடைக்கும். இந்த நினைப்பு முழுசாக ஓடி முடிந்த பிறகுதான் அவருக்குக் காது சுட்டது. தனியாக நிற்கும்போதே ஒரு மனிதனுக்குக் காது சுட முடியும் என்று அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

“என்ன அது?”

மனைவி தூக்குச் சட்டியில் டீ கொண்டுவந்திருந்தாள். அவர் சாக்கை மூடினார். மூடிய வேகமே போதுமாக இருந்தது. அவள் குனிந்து சாக்கைப் பிரித்தாள். பெட்டியைப் பார்த்தாள். சிவப்புப் பஞ்சை விரலில் எடுத்து மோந்தாள்.

“அன்னிக்கு அடுப்படியில நான் ஒண்ணு கேட்டேன்.”

“ஞாபகம் இல்ல.”

“இருக்கு உங்களுக்கு.”

அவள் கத்தியிருக்கலாம். டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு, “அவன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்” என்று தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

மச்சினன் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தான். கட்டிலில் துணி பரப்பி மடித்துக்கொண்டிருந்தான். விஞ்ஞானியைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்த சட்டைகளை எடுத்துவிட்டு, “உக்காருங்க மாமா” என்றான்.

அவர் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். “மாப்ள, எலிக்கு முன்பல்லு இருக்கு பாரு, அது சாகற வரைக்கும் வளந்துகிட்டே இருக்கும். தேய்க்கலேன்னா வாயை மூட முடியாது. அதனால அது எதையாவது...”

“எனக்கு எதுக்கு மாமா எலியப் பத்திச் சொல்றீங்க?”

“ஒரு பொது விஷயமாச் சொல்றேன்.”

மச்சினன் ஒரு பேண்ட்டை மடித்தான். இன்னொன்றை எடுத்தான். விஞ்ஞானி தன் முழங்காலைப் பார்த்தார்.

“காயில் நல்லா இருக்கு. வயரை எலி கடிச்சிருக்கு. பசையத் திங்க வந்து கடிச்சிருக்கு. நான் காய்ச்சின பசை.”

மச்சினன் கையில் இருந்த பேண்ட்டோடு நிமிர்ந்தான்.

“அப்ப அந்த வாயு?” என்றான் மச்சினன்.

“மிளகாய்.”

அவன் வாய் ஓரம் ஒரு கணம் துடித்தது. சிரிக்கத்தான் போகிறான் என்று விஞ்ஞானி நம்பினார். சிரித்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அவன் சிரிக்கவில்லை. பேண்ட்டைக் கீழே வைத்தான்.

“வேன்காரர் என்ன சொன்னார் தெரியுமா மாமா? பிள்ளைங்க ஏறற வண்டின்னார். நான் என்ன பிள்ளைங்களத் திங்கறவனா? மூணு வருஷம் அவர் வண்டிய ஒரு கீறல் இல்லாம ஓட்டிக் குடுத்தேன். டீக்கடைக்குப் போனா என்னப் பாத்ததும் ஒருத்தர் அட்டைய எடுத்து விசிறறார்.”

“நான் வேணும்னா...”

“எங்கிட்ட சொன்னது சரி மாமா. யார் யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்டயும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

அன்று சாயங்காலமே விஞ்ஞானி பஞ்சர் கடைக்குப் போனார். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜெனரேட்டர் விஷயம். மச்சினன் மேல தப்பு இல்ல. எலி கடிச்சிருக்கு.”

“யார் வண்டியில?”

“என் வண்டியில.”

“உங்க வண்டியிலயா? எலியா?” பஞ்சர் கடைக்காரர் ஈரக் கையோடு எழுந்தார். “என்ன விஞ்ஞானி, விளையாடறீங்களா? மூளை இருக்கிற மனுஷன் பொருள்ல எலி பல்லு வைக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். ஆனா...”

“புரியுது, புரியுது. பையன் ஊரை விட்டுப் போறான். வீட்டுல அழுதிருப்பாங்க. பழிய எலி மேல போட்டு அவனக் காப்பாத்தலாம்னு வந்திருக்கீங்க.” அவர் குரல் தழுதழுத்தது. “உங்களுக்குப் பெரிய மனசுங்க. நான் உங்கள என்னவோ வாய்ப்பேச்சு ஆள்னு நினைச்சேன்.”

டீக்கடையிலும் இதேதான். விஞ்ஞானி வாயைத் திறப்பதற்குள் பஞ்சர் கடைக்காரர் அங்கே வந்து விஷயத்தைப் பரப்பிவிட்டார். டீக்கடைக்காரர் ஒரு டீயை நுரையாக ஆற்றிக் கொடுத்து, “அவ்வளவு பெரிய நஷ்டம் பண்ணினவனுக்கே பரிஞ்சு பேசறீங்க பாருங்க” என்றார். யாரோ எழுந்து அவருக்கு இடம் விட்டார்கள்.

ஒரு நிமிஷம் அவருக்கு அது இனித்தது. டீயில் பாதி இறங்குகிற வரைக்கும் இனித்தது. பிற்பாடு எதை நினைத்துக் கூசியதைவிடவும் அந்த அரை டீக்குத்தான் அதிகம் கூசினார். எழுந்து நின்று, “நிஜமாவே எலிதாங்க” என்றார். எல்லாரும் அன்போடு தலையாட்டினார்கள். மறுக்க மறுக்க அவர் உயர்ந்துகொண்டே போனார். அவர் உயர்ந்த அளவுக்கு மச்சினன் இறங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டில் மனைவி கேட்டாள்: “சொன்னீங்களா?”

“சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க.”

“என்னன்னு சொன்னீங்க?”

“எலி கடிச்சதுன்னு.”

“பசையச் சொன்னீங்களா?”

அவர் செருப்பைக் கழற்றுவதில் நேரம் எடுத்துக்கொண்டார். “அதை எதுக்கு? எலி கடிச்சது போதாதா?”

“அதைச் சொன்னாத்தாங்க நம்புவாங்க” என்றாள் அவள். “எலி யார் வீட்டுலயும் கடிக்கும். இந்தக் கூத்த உங்களத் தவிர யாராலயும் பண்ண முடியாது.”

சனிக்கிழமை காலை டீக்கடையில் கூட்டம் அதிகம். விஞ்ஞானி உள்ளே நுழைந்தார். கையில் ஒரு தட்டு. தட்டில் கூட்டின் ஒரு பகுதி, மொட்டை வயர் ஒரு முழம், கரிந்த பசை ஒரு கட்டி. நடு மேசையில் வைத்தார். நாலு பேர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

“சாப்பிடற இடத்துல என்னங்க இது?” என்றார் டீக்கடைக்காரர்.

“எலிக்கு நான் போட்ட சாப்பாடு.”

உட்காராமலே சொன்னார். மைதாப் பொட்டலத்தை இறக்கியதிலிருந்து சொன்னார். மனைவி கேட்டதைச் சொன்னார். தான் கொடுத்த பதிலையும், தட்டுச் சோறு உதாரணத்தோடு, விடாமல் சொன்னார். இண்டு இடுக்கு விடாமல் பூசிப் பெட்டியைப் பூட்டியதைச் சொன்னார். பூசாத வயரை மட்டும் எலி தொடவில்லை என்பதையும் சொன்னார். கரிந்த கட்டியைப் பஞ்சர் கடைக்காரரிடம் நீட்டினார்.

“மோந்து பாருங்க. காயில் எரிஞ்சா வர்ற வாயு.”

பஞ்சர் கடைக்காரர் ஆழமாக இழுத்தார். அடுத்த நொடி கண் பிதுங்க இருமினார். இருமலுக்கு நடுவே அவர் முகத்தில் உண்மை மெதுவாக வந்து இறங்குவதை எல்லாரும் பார்த்தார்கள்.

“அப்ப... நீங்களே காய்ச்சி... நீங்களே பரிமாறி...” அவருக்கு மூக்கு வழியாக டீ வந்தது. “பூட்டி வேற வெச்சிருக்கீங்களே, பூனை கீனை வந்து தொந்தரவு பண்ணிடும்னு!”

கடை வெடித்தது. டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கல்லாமேல் சாய்ந்து சிரித்தார். “இனிமே விஞ்ஞானி இல்லப்பா, சமையல்காரர்!” என்றது ஒரு குரல். “காரம் கொஞ்சம் கம்மின்னு எலி சொல்லலியா?” என்றது இன்னொன்று. விஞ்ஞானி நடுவில் நின்றார். கழுத்திலிருந்து நெற்றி வரை எரிந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அவரிடம் ஒரு விளக்கம் வாயோரம் வரை வந்தது; எலியின் நாக்கைப் பற்றி, மழை ஈரத்தில் காரம் இறங்குவதைப் பற்றி. ஒவ்வொன்றையும் விழுங்கினார். விழுங்குவது அவருக்குப் புதிது.

சிரிப்பு அடங்கும்போது டீக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அப்ப அந்தப் பையன்?”

“அவன் ஏசி மட்டும்தான் போட்டான்.”

“இஸ்திரிப் பெட்டி?”

“இஸ்திரிப் பெட்டி வண்டியிலயே கிடையாது.”

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில், எப்போதும் அட்டையை எடுத்து விசிறுகிறவர், தன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. வேன்காரர் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். “தெருமுனை வரைக்கும் சத்தம் கேக்குது. என்னப்பா விஷயம்?”

பஞ்சர் கடைக்காரர் ஆவலாக வாயைத் திறந்தார். விஞ்ஞானி அவர் தோளில் கையை வைத்து அடக்கினார். பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து வேன்காரருக்குப் போட்டார். தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்றேன்” என்றார். “தப்பு என்னோடது. மன்னிச்சுக்கணும்.”